ராகிக் காவலுக்குப் போகிறவரின் செல்போன்: ஒரு பழுதுக் கடைக்காரர் சொல்வது

தேன்கனிக்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ராகிக் கதிர் முற்றத் தொடங்கியதும் கடைக்கு வருகிற போன்களின் நோயே மாறிவிடும். சார்ஜ் ஏறவில்லை, பேசினால் எதிரில் கேட்கவில்லை, பனியில் நனைந்து டிஸ்ப்ளே மங்கிவிட்டது என்று கொண்டுவருவார்கள். பெரும்பாலும் இரவில் பரணில் படுத்துக் காவல் காப்பவர்கள். பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, நொகனூர் பக்கம் வருவதும் அந்தப் பருவத்தில்தான். எனக்கும் காட்டோரத்தில் ஒரு துண்டு நிலம் உண்டு. என் மாமனாரும் நானும் முறை வைத்துக் காவலுக்குப் போகிறோம். ஆகவே இங்கே எழுதுவது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் யோசனை மட்டும் அல்ல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் வேட்டைக்குப் போக நல்ல டார்ச் உள்ள போன் காட்டுங்கள் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அஞ்செட்டி, உரிகம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி இன்று காவேரி வடக்கு, காவேரி தெற்கு என்ற இரண்டு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பயிர் காப்பவர், மாடு ஆடு மேய்ப்பவர், புளி உலுக்கப் போகிறவர், இவர்களுக்காகத்தான் இது.

எந்தப் போன்

டச் போன் வீட்டில் இருக்கட்டும், காவலுக்குப் பட்டன் போன் போதும் என்பது என் கட்சி. விலை குறைவு, கீழே விழுந்தாலும் பிழைக்கும், ஒருமுறை சார்ஜ் போட்டால் சில நாள் தாங்கும், கண்ணால் பார்க்காமல் விரலாலேயே எண் அழுத்தலாம். ஆனால் வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. அந்தக் கம்பெனிக்கு 2ஜி சேவையே கிடையாது. 4ஜி பட்டன் போன் கேட்டு வாங்குங்கள். டச் போன்தான் இருக்கிறது என்றால் அதையே கொண்டுபோகலாம், இருப்பிடம் காட்டுவதில் அது கெட்டிக்காரன். இரண்டையும் கொண்டுபோக முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

சிம் எந்தக் கம்பெனி என்று என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் பரணிடம் கேளுங்கள். இரண்டு வேறு கம்பெனி சிம்களைப் போட்டு, ஒரு பகல் நேரத்தில் நிலத்துக்குப் போய், பரண் மேல், பரணுக்குக் கீழே, கிணற்று மேட்டில், வரப்பு முனையில் என்று நான்கைந்து இடங்களில் நின்று வீட்டுக்குப் பேசிப் பாருங்கள். கோடு எத்தனை காட்டுகிறது என்பதை மட்டும் நம்பக் கூடாது. டவர் உங்களுக்குக் கேட்பதைத்தான் கோடு காட்டும். உங்கள் போனின் குரல் டவருக்கு எட்டுகிறதா என்பது பேசிப் பார்த்தால்தான் தெரியும். எந்த இடத்தில் இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கிறதோ அந்த இடத்தை உங்கள் முறைக்கு அடுத்து வருகிறவருக்கும் காட்டி வையுங்கள். பேச்சு அறுந்து அறுந்து போகிற இடத்திலும் எஸ்.எம்.எஸ். பல சமயம் போய்ச் சேர்ந்துவிடும், அதையும் சோதித்துவிடுங்கள்.

சார்ஜ்

மாலை ஆறு மணிக்குக் கிளம்பும்போதுதான் பலருக்கு சார்ஜ் நினைவு வருகிறது. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே போட்டுவிடுங்கள். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் சும்மா கிடந்தாலும் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், அந்தத் தேடலிலேயே பேட்டரி கரையும். சுத்தமாக டவர் இல்லாத பள்ளத்தில் மாடு மேய்க்கிறீர்கள் என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, மேட்டுக்கு ஏறும்போது எடுத்துவிடலாம். பரணில் அப்படிச் செய்யாதீர்கள். பக்கத்துப் பரண்காரர் யானை வருகிறது என்று சொல்ல நினைத்தால் எப்படிச் சொல்வார்?

மார்கழிக் குளிரில், அதுவும் தளிப் பக்கம், வயதான பேட்டரி முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். கம்பளிக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் தாங்கும். பேட்டரி உப்பியிருந்தால் அந்தப் போனைக் காவலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம், மாற்றுங்கள்.

டார்ச் வேறு, போன் வேறு. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வது இல்லை. போன் வெளிச்சத்தில் வரப்பு தெரியும், வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரியாது. ராத்திரி முழுக்க அதை எரித்துவிட்டு நடுச்சாமத்தில் பேசப் பேட்டரி இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கே வைப்பது

சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழும். லுங்கி மடியில் செருகினால் ஓடும்போது விழும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் முள்வேலியில் மாட்டும். ஜிப் வைத்த இடுப்புப் பை, இல்லையென்றால் அரைக்கால் சட்டையின் உள்பை. டார்ச் பிடிக்காத கையால் எடுக்க வருகிற பக்கம் பார்த்து வையுங்கள்.

பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். மழைக்கு அது சரி. பனிக்காலத்தில் உடம்புச் சூட்டோடு போனைப் பையில் போட்டுக் கட்டிப் பரண் பலகையில் வைத்தால், பைக்குள்ளேயே நீர் கோத்துவிடும். காட்டன் துணியில் சுற்றி உடம்போடு வைத்திருங்கள்.

நொகனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு போனைக் கொண்டுவந்தார். சார்ஜ் பின் துளைக்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ராகித் தூசியும் வியர்வையும் கலந்து, காய்ந்த களி மாதிரி தட்டையாக அடியில் படிந்திருந்தது. அதன் மேல் பச்சைத் துரு. கேபிளைச் செருகச் செருக அது இன்னும் இறுகியிருக்கிறது. "வாயால் ஊதித்தானே அண்ணா சார்ஜ் போடுகிறேன்" என்றார். ஊதுவதால்தான் துரு, எச்சில் ஈரம் உள்ளே போகிறது. போனை அணைத்துவிட்டு, காய்ந்த பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். குண்டூசி விடாதீர்கள். கதிர் அறுப்புக் காலம் முழுக்க வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் என் கடைக்கு வரவேண்டிய வேலை பாதி குறையும். குறையட்டும்.

சத்தமும் வெளிச்சமும்

ரிங்டோனை அணைத்து அதிர்வில் வையுங்கள். அதிர்வில் வைத்த போனைப் பரண் பலகை மேல் வைக்காதீர்கள், நடுராத்திரியில் பலகை உறுமுகிற சத்தம் பக்கத்து நிலம் வரை கேட்கும். திரை வெளிச்சத்தைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். பிரகாசமான திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கொஞ்ச நேரத்துக்குக் கண் குருடுதான்.

தூக்கம் வராமல் இருக்கக் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், இளவட்டங்கள் அதிகம். இதற்கு என்னிடம் பொறுமை இல்லை. யானை அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பூனைபோல வரும். கிளை ஒடிகிற சத்தம், அதன் வயிறு உறுமுகிற சத்தம், ஊர் நாய்கள் குரைக்கிற திசை, இவைதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு எதைக் காவல் காக்கிறீர்கள்?

எண்களும் இடமும்

பட்டன் போனில் எண் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேராக அழைக்கும்படி வைத்துக்கொள்ளலாம். 2இல் வீடு, 3இல் பக்கத்துப் பரண், 4இல் உங்கள் பகுதி வேட்டைத் தடுப்புக் காவலர், 6இல் வனச்சரக அலுவலகம். 5ஐ விட்டதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் 2017 முதல் விற்கும் போன்களில் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் 112க்குப் போகும். டச் போனில் பவர் பொத்தானை வேகமாக மூன்று முறை அழுத்துவது. சில மாடல்களில் இந்த எண்ணிக்கை மாறும், சிலவற்றில் அமைப்புகளில் போய் இயக்கி வைக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டால் காட்டிக்கொடுப்பார், காசு வாங்க மாட்டார். விளையாட்டாக அழுத்திச் சோதிக்காதீர்கள், மறுமுனையில் ஆள் எடுப்பார்.

112க்கு இன்னொரு சிறப்பு உண்டு. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் உங்கள் போனுக்குப் பொருந்துகிற வேறு கம்பெனி டவர் எட்டினால் அதன் வழியாகப் போக முயலும். 108க்கு அந்த வசதியை நம்பாதீர்கள். இந்த எண்களை எல்லாம் ஒரு தாளிலும் எழுதிப் பரண் காலில் கட்டி வையுங்கள். உங்கள் போன் செத்து, அடுத்தவர் போன் கையில் கிடைத்தால், மனப்பாடமாக எந்த எண் தெரியும் உங்களுக்கு?

நம் பகுதிக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. ஜவளகிரி, தளி எல்லையிலும், காவிரிக் கரையில் பிலிகுண்டுலு பக்கமும் போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது 108 அடித்தால் பேசுகிறவர் கன்னடத்தில் பேசுவார். பயப்படவும் வேண்டாம், வைத்துவிடவும் வேண்டாம். முதல் வாக்கியத்திலேயே "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று சொல்லிவிட்டு வட்டம், ஊர், கோயில் அல்லது ஏரி அடையாளம், அதன் பிறகு நடந்தது என்ன என்று வரிசையாகச் சொல்லுங்கள். முருகன் தோட்டத்துக்குப் பின்னால் என்றால் உங்கள் ஊரில் புரியும், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குப் புரியாது.

டச் போன் வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். பகலில் பரணில் நின்று, வரைபடச் செயலியில் நீங்கள் நிற்கிற புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பெரும்பாலும் முதல் எண் 12இலும், இரண்டாவது 77 அல்லது 78இலும் தொடங்கும். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால் ஏறக்குறைய பதினோரு மீட்டர் துல்லியம் கிடைக்கும். அதை ஒரு எஸ்.எம்.எஸ். ஆக எழுதி வீட்டுக்கும் பக்கத்துப் பரணுக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த வட்டாரத்தின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துவிட்டால் போதும், ஜி.பி.எஸ். வேலை செய்ய டவர் தேவையில்லை. மேய்ச்சலில் வழி தவறினாலும் உதவும்.

வீட்டில் இருப்பவர்

இதுவரை சொன்னதை எல்லாம் செய்துவிட்டு இதைச் செய்யாவிட்டால் வீண். போன் வராதபோது என்ன செய்வது என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். பரணில் ஏறியதும் ஒரு மிஸ்டு கால். பத்து மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, விடிந்ததும் ஒன்று. என் மனைவி எடுக்க மாட்டாள், எனக்குக் காசு போகாது. இரண்டு மணிக்கு வரவில்லை என்றால் கால் மணி நேரம் பொறுத்து அவள் கூப்பிடுவாள். எடுக்கவில்லை என்றால் பக்கத்துப் பரணுக்கு. அங்கேயும் எடுக்கவில்லை என்றால் வேட்டைத் தடுப்புக் காவலருக்கு. யாரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாக நிலத்துக்கு ஓடி வரக் கூடாது, இதுதான் மாமனார் போட்ட முதல் விதி. "நீ வந்தால் நான் யானையைப் பார்ப்பதா, உன்னைப் பார்ப்பதா?" என்று மகளிடம் கேட்டார். தேடி வருவதாக இருந்தால் நான்கு பேர், வண்டி வெளிச்சத்தோடு, பேசிக்கொண்டே வர வேண்டும். நாட்டுத் துப்பாக்கியோடு இருட்டில் திரிகிறவர்கள் இன்னும் ஒழியவில்லை. சத்தம் இல்லாமல் வருகிற உருவத்தை அவர்கள் பன்றி என்று நினைத்துவிடலாம்.

இன்னொரு ஆபத்து மின்வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே கம்பி மனிதனையும் கொல்லும். இரவில் அடுத்தவர் நிலத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் முதலில் அந்த நிலத்துக்காரருக்குப் போன் செய்து கேளுங்கள்.

எதிரில் வந்துவிட்டால்

போனை எடுக்காதீர்கள். படம் வேண்டாம், ஃபிளாஷ் நிச்சயமாக வேண்டாம், யாரையும் அழைக்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது இரண்டு காலும் ஒரு வழியும்தான். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு பேசுங்கள்: எத்தனை யானை, குட்டி இருக்கிறதா, எந்தத் திசை.

பாம்பு கடித்தால் நேர் எதிர், உடனே போன். நடக்காதீர்கள், கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள். கடித்த காலை அசைக்காமல் உட்கார்ந்து 108ஐயும் பக்கத்துப் பரணையும் அழையுங்கள். பரணுக்கு அடியில் தரையில் படுப்பவர்களைக் கட்டுவிரியன் கடித்தால் வலியே பெரிதாகத் தெரியாது, அதனால் சந்தேகம் வந்தாலே அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பாம்பைத் துரத்திப் போய்ப் படம் எடுக்க வேண்டியது இல்லை, அறிகுறி பார்த்தே மருத்துவர்கள் சிகிச்சை கொடுப்பார்கள்.

விடியற்காலையில்தான் பலர் அசந்துவிடுகிறார்கள். கிழக்கு வெளுத்ததும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவது பழக்கம். மேய்ந்த யானைகள் காட்டுக்குத் திரும்புகிற நேரமும் அதுவே, அதே வண்டித்தடத்தில்தான் அவையும் நடக்கின்றன. வெயில் நன்றாக ஏறும் வரை இருங்கள். பிறகு வழியில் உள்ள அடுத்த பரண்காரருக்கு ஒரு போன் போட்டு, கூட்டம் எந்தப் பக்கம் போனது, பின்தங்கிய ஒற்றை ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.