பார்பி அளவுப் பொம்மைக்கு மேடை உடை தைக்கும் முறை

ஃபேஷன் பொம்மைக்கு உடை தைக்க உட்காருபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, பொம்மை ஆறில் ஒரு பங்காகச் சிறுத்திருக்கிறதே தவிரத் துணி சிறுக்கவில்லை என்பதுதான். பார்பியின் உயரம் ஏறத்தாழ 29 செ.மீ. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சட்டைத் துணியை அதற்கு உடுத்தினால், நாம் 3 மி.மீ. தடிமனுள்ள கம்பளியைச் சுற்றிக்கொண்டு நிற்பதற்குச் சமமாகும். அன்றாட உடையில் இந்தக் குறை ஓரளவு மறைந்துவிடும். அடுக்குகளும் மினுக்கமும் நிறைந்த மேடை உடையிலோ அது உடனே வெளிப்பட்டு, பொம்மையின் இடுப்பைப் பீப்பாயாக்கிவிடும்.

எனவே வடிவமைப்பைத் தொடங்கும்போதே, உடை எங்கே உடலை ஒட்டி நிற்க வேண்டும், எங்கே விரிய வேண்டும் என்று முடிவு செய்துவிடுவது நல்லது. 1960-இல் மேட்டல் நிறுவனம் பார்பிக்காக வெளியிட்ட ‘சோலோ இன் தி ஸ்பாட்லைட்’ என்ற பாடகி உடை இதற்குச் சிறந்த பாடம். தோளில் பட்டி இல்லாத அந்தக் கறுப்பு மினுக்கு உடை, மார்பிலிருந்து கீழே வரை உடலை ஒட்டியே இறங்கி, கால் பகுதியில் மட்டும் நெட் துணியாக விரிகிறது. இடுப்பில் ஒரு சுருக்குக்கூட இல்லாததால் துணியின் தடிமன் எங்கும் துருத்தவில்லை. முதல் உடையாகத் தைப்பவர்கள் இந்த அமைப்பையே பின்பற்றலாம். இடுப்பிலிருந்தே குடையாக விரியும் நடன உடை பார்க்க எளிதாகத் தோன்றினாலும், தைப்பதற்கு அதுவே கடினமானது.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது கையில் கசக்கிப் பார்ப்பதைவிட, ஒரு துண்டை நான்காக மடித்து விரல்களுக்கிடையே அழுத்திப் பார்ப்பது பயன் தரும். நான்கு மடிப்பும் சேர்ந்து மெத்தென்று தடித்தால் அத்துணி வேண்டாம். ‘வாயில்’ (voile) எனப்படும் மெல்லிய பருத்தித் துணி, மென்பட்டு, மெல்லிய சாட்டின், நெட், லைக்ரா கலந்த பின்னல் துணி ஆகியவை இந்த அளவுக்கு ஒத்துவரும். சாட்டின் வெட்டியவுடன் பிசிறு விடும். தைப்பதற்கு விட்ட இடமே 5 மி.மீ. என்னும்போது அதில் பாதி பிசிறாகப் போவதை அனுமதிக்க முடியாது என்பதால், வெட்டிய கையோடு ஓரங்களில் பிசிறு தடுக்கும் திரவத்தைத் தடவி உலரவிட வேண்டும். அது சில துணிகளில் கறைபோலத் தெரியும். கழிவுத் துண்டில் சோதித்துப் பார்க்காமல் தடவக் கூடாது.

அளவு எடுப்பதற்கு டேப்பை நம்பாமல், பொம்மையின் உடல்மீதே பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரித் தாள், எடுப்பது துல்லியமானது. உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பொம்மையின் உடலில் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் காகித ஒட்டு நாடாவைச் சிறு துண்டுகளாக ஒட்டி, நடுக்கோடு, பக்கத் தையல், இடுப்பு, கைக்குழி ஆகியவற்றைப் பென்சிலால் வரைந்துகொண்டு, முதுகுப் பக்கமாக வெட்டிக் கழற்ற வேண்டும். வரைந்த கோடுகளின்படி வெட்டிய துண்டுகளில் சில தட்டையாகப் படியாமல் மேடாக நிற்கும். மார்புப் பகுதி பெரும்பாலும் அப்படித்தான். அந்த மேட்டை நோக்கி ஒரு வெட்டு கொடுத்தால் துண்டு படியும், விரிந்த இடைவெளியே டார்ட் (உடல் வளைவுக்கேற்பத் துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடிக்க வேண்டிய அளவு. இதைத் தாளில் நகலெடுத்துச் சுற்றிலும் 5 மி.மீ. சேர்த்தால் பேட்டர்ன் தயார். மைக் பிடித்தோ நடனமாடியோ கை உயர்த்தும் பொம்மையாக இருந்தால், கைக்குழியை அக்குளுக்கு நெருக்கமாக, மேலேயே வைக்க வேண்டும். தாழ இறக்கினால் கையைத் தூக்கும்போது மேலுடை முழுவதும் கூடவே எழும்பும்.

தையல் இயந்திரத்தில் 60 அல்லது 70 எண் ஊசியும் மெல்லிய நூலும் பூட்டி, தையல் நீளத்தை 1.5 மி.மீ. அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் துணியின் முனையை இயந்திரம் கீழே இழுத்து விழுங்காமல் இருக்க, துணிக்கடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்துப் பின்னர் கிழித்துவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலையின் வரிசை: உடை தட்டையாக இருக்கும்போதே கழுத்து, கை ஓரம், அலங்காரம் அனைத்தையும் முடித்துவிட்டு, பக்கத் தையலைக் கடைசியில்தான் போட வேண்டும். குழாயாக மூடிவிட்ட விரல் பருமனுள்ள கைப்பகுதிக்குள் ஓரம் மடித்துத் தைப்பது பொறுமைக்கு வைக்கும் சோதனை.

இடுப்பில் விரியும் பாவாடை வேண்டும் என்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். இடுப்பைச் சுற்றி 1 மி.மீ. தடிமன் கூடினால், சுற்றளவு ஏறத்தாழ 6 மி.மீ. கூடும். 9 செ.மீ. இடுப்புக்கு இது சிறிய அளவல்ல. நன்றாகப் பொருந்திய மேலுடை பாவாடையுடன் இணைந்த பிறகு மூடாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆகவே சுருக்கு வைப்பதற்குப் பதிலாக வட்டப் பாவாடையாக வெட்டுவது மேல். இடுப்பு 9 செ.மீ. என்றால், பின்பக்கம் மடிக்கவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் 1.5 செ.மீ. சேர்த்து, வரும் 10.5-ஐ 6.28-ஆல் வகுத்தால் தையல் கோட்டின் ஆரம் 1.7 செ.மீ. ஆகும், 5 மி.மீ. உள்ளே தள்ளி 1.2 செ.மீ. ஆரத்தில் வெட்ட வேண்டும். நெட் அடுக்குகளை எல்லாம் இடுப்புக் கோட்டிலேயே சேர்க்காமல், உள்பாவாடையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் படிக்கட்டு முறையில் தைத்தால் தடிமன் பரவிவிடும். இந்த அளவில் துணிக்குத் தன் எடையால் விழும் தன்மையும் குறைவு. நீளமான கவுன் விறைத்து நின்றால், அதை ஈரப்படுத்தி மடிப்புகளை விரலால் ஒழுங்குபடுத்தி, நூலால் தளர்வாகச் சுற்றி உலரவிடலாம், அல்லது அடிமடிப்பின் உட்புறம் சிறு பாசிமணிகளைத் தைத்து எடை கூட்டலாம். பொம்மையின்மேல் வைத்து இஸ்திரி போடுவது மட்டும் கூடவே கூடாது. சூட்டில் அதன் உடல் உருக்குலையும்.

மினுக்கத்தில் கை தாராளமாகப் போவது இயல்பு. ஆனால் 5 மி.மீ. சமிக்கி பொம்மையின் உடலில் 3 செ.மீ. வில்லையாகத் தெரியும் என்பதால், 2 அல்லது 3 மி.மீ. அளவுக்கு மேல் போக வேண்டாம். உடை முழுவதும் மின்னினால் விளக்கு வெளிச்சத்தில் எதுவும் தனித்துத் தெரியாது. மங்கலான துணியில் கழுத்திலிருந்து இடுப்புக்குச் சரிவாக இறங்கும் ஒரே வரிசைச் சமிக்கி, உடல் முழுவதும் ஒட்டிய பளபளப்பைவிட நன்றாக எடுபடும் என்பது என் கருத்து. பசையால் ஒட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. பசை துணியை விறைக்கச் செய்யும், நாளடைவில் மஞ்சளித்தும் போகலாம்.

பின்புறத் திறப்பை இடுப்போடு நிறுத்தாமல், பிட்டத்தின் அகன்ற பகுதியைத் தாண்டும் வரை விட்டால்தான் உடுத்துவது எளிதாகும். வெல்க்ரோ முடியிலும் நெட்டிலும் சிக்கும். அதற்குப் பதிலாகச் சிறிய பிரஸ் பட்டன்களோ, பாசிமணியும் நூல் வளையமுமோ வைக்கலாம். விரிந்த விரல்கள் கைப்பகுதிக்குள் மாட்டாமல் இருக்க, பொம்மையின் கைமேல் சிறு பிளாஸ்டிக் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைக்க வேண்டும். கறுப்பு, அடர் சிவப்பு, கருநீலம் ஆகிய துணிகளின் சாயம் பொம்மையின் உடலில் ஊறிக் கறையாகிவிடும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே சாயம் நிற்கும் வரை துவைத்து, உள்ளே வெள்ளை லைனிங் கொடுப்பதுடன், படம் எடுத்து முடித்ததும் உடையைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும்.