டெரஸ் வீட்டு வாசலில் ஊசியிலை மரம்: எதை நடுவது, எங்கே வெட்டுவது

நர்சரியில் எல்லா ஊசியிலைச் செடியும் கைக்கு அடக்கமாகத்தான் நிற்கும். முழுசாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் என்று வாங்கும்போதே கேளுங்கள். பின்னால் வரும் வெட்டுவேலையில் பாதி அதிலேயே குறைந்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது அரௌகேரியா. தொட்டியில் அடுக்கடுக்காக, கிறிஸ்துமஸ் மரம் போல இருக்கும். தரையில் வைத்தால் 30 மீட்டரைத் தாண்டும். உயரத்தைக் குறைக்க உச்சியை வெட்டினால் வடிவம் கெட்டுவிடும், திரும்ப வராது. டெரஸ் வீட்டுக்கு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு) இது வேண்டவே வேண்டாம். ஸ்ப்ரூஸ், ஃபர் வகைகளுக்குக் குளிர்காலம் தேவை, கோலாலம்பூர் வெக்கையில் நிலைக்காது. பினாங்குக் கடற்கரைச் சவுக்கு ஊசியிலை போலத் தெரிந்தாலும் பூக்கும் மரம்; இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

சின்ன இடத்துக்கு மூன்று போதும். வேலிக்குப் போடோகார்பஸ் (சீன நர்சரிகளில் லோ ஹான் சோங் என்று கேளுங்கள்), அரை நிழலிலும் வளரும். தூஜா, ஜூனிப்பர் இரண்டுக்கும் தினம் 6 மணி நேர வெயிலாவது வேண்டும்.

நடுவது

குழி தொட்டியைவிட இரு மடங்கு அகலம், தொட்டி மண்ணின் அளவே ஆழம். களிமண்ணாக இருந்தால் 15–20 செ.மீ. மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். வேலிக்குச் செடிக்குச் செடி 60 செ.மீ. மழை நீர் தேங்கினால் வேர் அழுகி நுனி பழுப்பாகும். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவதுதான் பல செடிகள் சாகக் காரணம். முதலில் விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெட்டுவது

1. மழையில்லாத காலையைத் தேர்ந்தெடுங்கள். கத்தரியைத் தீட்டி, ஒவ்வொரு செடிக்கும் இடையில் 70% ஆல்கஹாலில் துடையுங்கள்.

2. காய்ந்த, ஒடிந்த கிளைகளை முதலில் எடுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் தடிப்பை விட்டு, அதற்கு வெளியே வெட்டுங்கள். காயம் ஆறுவது அந்தத் தடிப்பிலிருந்துதான்.

3. தூஜாவையோ ஜூனிப்பரையோ கையால் விலக்கிப் பாருங்கள். வெளியே பச்சை, உள்ளே இலையில்லாத பழுப்புக் குச்சி. அந்தக் குச்சியில் மறுபடி தளிர்க்கும் மொட்டு கிடையாது. அதுவரை வெட்டினால் ஓட்டை விழும், மூடவே மூடாது. ஆகவே நீண்ட கிளையைப் பின்தொடர்ந்து உள்ளே போய், பச்சைப் பக்கக்கிளை ஒன்று பிரியும் இடத்துக்கு மேலே வெட்டுங்கள். வெட்டு இலைக்குள் மறைந்துவிடும். உள்ளே பழைய இலைகள் காய்ந்து உதிர்வது இயல்பு, பயப்பட வேண்டாம்.

4. போடோகார்பஸ் பழைய கட்டையிலிருந்தும் தளிர்க்கும், தாராளமாக வெட்டலாம். வெளிர்பச்சைத் தளிர் கரும்பச்சையானதும் கத்தரிப்பது நல்லது. வேலியின் அடி மேலைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். மேல் அகன்றால் அடிக்கு வெயில் விழாமல் வெறுமையாகிவிடும்.

எந்தச் செடியானாலும் ஒரே தடவையில் பச்சையில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் ஜூனிப்பர் மங்கிச் சாம்பல் நிறமானால் சிலந்திப்பேனாக இருக்கலாம். கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுவேதான். குழாயை வேகமாகத் திறந்து இலைகளின் அடிப்பக்கம், உட்பக்கம் எல்லாம் நனையக் கழுவுங்கள். ஐந்து நாளைக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். தாளில் எதுவும் நகராதபோது நிறுத்தலாம்.