முதல் செடித் தொட்டி: செடி நிறைய, வெளிச்சம் அளவாக, மீன் கடைசியாக

புதிதாகச் செடித் தொட்டி, அதாவது நீர்ச்செடிகள் வளரும் மீன் தொட்டி, வைப்பவர்கள் முதல் மாதத்திலேயே மனம் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஐந்தாறு செடிகளை நட்டுவிட்டு விளக்கைப் பத்து மணி நேரம் எரியவிடுகிறார்கள். தொட்டி முழுக்கப் பாசி. தண்ணீர் ஊற்றிய மறுநாளே மீனை விடுகிறார்கள். ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கிறது. இரண்டையும் தவிர்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வேலைகளை அதனதன் வரிசையில் செய்தால் போதும்.

இங்கே சொல்லும் அளவுகள் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் கொண்ட தொட்டிக்கு. கணக்குப்படி 65 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக, நிற்கும் தண்ணீர் சுமார் 50 லிட்டர். உரம் போடும்போது இந்த 50-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சின்னத் தொட்டி சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். 15 லிட்டர் தொட்டியில் ஒரு வேளைத் தீனி கூடிவிட்டாலே தண்ணீர் கெட்டுவிடும். அறை சூடானால் தண்ணீரும் உடனே சூடாகும். முதல் தொட்டிக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

தண்ணீரும் மணலும் கல்லும் சேர்ந்தால் இந்தத் தொட்டி 85 கிலோவுக்கு அருகில் வரும். அந்தப் பாரத்தைத் தாங்கும் மேசை, ஆடாத தரை, நேர் வெயில் விழாத மூலை, பக்கத்தில் பிளக் பாயின்ட். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மேசை சாய்ந்திருந்தால் கண்ணாடி இணைப்பில் ஒரு பக்கமாக அழுத்தம் விழும். அடிச்சட்டம் இல்லாத தொட்டி என்றால் கீழே ஒரு நுரை விரிப்பு கட்டாயம். வயர்கள் எல்லாம் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக் வரை போகாது.

அடிமணல்

முதல் தொட்டிக்கு 1 முதல் 3 மி.மீ. பருமனுள்ள சாதாரண மணலே போதும். முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 8 செ.மீ. என்று சரிவாகப் போட்டால் சுமார் 10 லிட்டர், அதாவது 16 கிலோ அளவுக்கு வேண்டும். மாவு போன்ற மென்மணல் இறுகிப் போய் வேருக்குக் காற்றோட்டம் விடாது. பெரிய கூழாங்கல்லில் செடி பிடித்து நிற்காது, இடுக்கில் எல்லாம் கழிவு சேரும். வாளியில் போட்டு, தண்ணீர் தெளிவாகும்வரை அலசுங்கள். எட்டுப் பத்து முறை ஆகலாம். மணலிலும் கல்லிலும் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும், வேண்டாம்.

மணலில் சத்து கிடையாது. அதனால் வேரால் உண்ணும் செடிகளுக்கு அருகே வேர் உர மாத்திரைகளை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி.

ஆக்வா சாயில் என்று விற்கப்படும் சுட்ட மண் உருண்டைகளில் செடி இன்னும் நன்றாக வளரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றில் பல முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை வெளிவிடும், பிஎச் (அமில-கார) அளவையும் இறக்கும். அதைப் பயன்படுத்துவதானால் முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றத் தயாராக இருங்கள். அதை அலசவும் கூடாது. உருண்டை உடைந்து சேறாகிவிடும்.

மரக்கட்டை வைக்க ஆசை என்றால் ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே தண்ணீரில் ஊறப் போடுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். தண்ணீர் தேநீர் நிறமாவது கேடில்லை. புதுக் கட்டையின் மேல் வெள்ளையாக வழவழவென்று ஒரு படலம் வரும்; அதுவும் சில வாரங்களில் போய்விடும்.

விளக்கு, ஃபில்டர், ஹீட்டர்

கரியமில வாயு சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு லிட்டருக்கு 15 முதல் 25 லூமன் (வெளிச்சத்தின் அளவு) போதும். நம் தொட்டிக்கு 800 முதல் 1200 லூமன், நிறம் 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை) அருகில். கையால் போட்டு அணைக்காதீர்கள். ஒரு டைமர் வாங்கிவிடுங்கள். முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? செடி வளர வெளிச்சம், கரியமில வாயு, சத்து மூன்றும் சேர்ந்து வேண்டும். காற்றிலிருந்து மட்டும் தண்ணீருக்குள் கரையும் கரியமில வாயு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான். சிலிண்டர் வைத்திருப்பவர்கள் 20 முதல் 30 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பற்றாக்குறையில் விளக்கை மட்டும் கூட்டினால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது. மிகக் குறைந்த சத்திலும் பிழைக்கத் தெரிந்த பாசிக்கு அது விருந்து. செடி வளரவில்லையே என்று விளக்கைக் கூட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை.

ஃபில்டர் மணிக்கு 250 முதல் 350 லிட்டர் தண்ணீரைச் சுழற்ற வேண்டும். தொங்கும் ஃபில்டரோ ஸ்பாஞ்ச் ஃபில்டரோ எதுவானாலும் சரி. உள்ளே ஸ்பாஞ்ச் இருப்பதுதான் முக்கியம், நல்ல பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். ஸ்பாஞ்ச் ஃபில்டரை இயக்கும் ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிவிடும். தண்ணீர் 24 முதல் 26 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அறையே அந்தச் சூட்டில் இருந்தால் ஹீட்டர் தேவையில்லை. வேண்டுமென்றால் 50 வாட். தண்ணீரை இறைக்கும் முன் ஹீட்டரை அணைத்துச் சில நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீருக்கு வெளியே சூடாக நிற்கும் ஹீட்டரின் கண்ணாடி வெடிக்கும்.

நடவு

முதல் நாளே மணல் பரப்பில் மூன்றில் இரண்டு பங்காவது செடியால் மூடப்பட வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் அந்தக் காலி இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். வேகமாக வளரும் செடிகள் பாதிக்கு மேல் இருக்கட்டும். அம்மோனியாவை முதலில் உறிஞ்சுவது அவைதான். பின்வரிசையில் வாலிஸ்நேரியா 10 முதல் 15, ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸ் அல்லது லிம்னோஃபிலா 20 தண்டு. நடுவில் கிரிப்டோகோரைன் வென்ட்டி நான்கைந்து சிறு கூடைச் செடி, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்றாகப் பிரித்து. கல்லிலும் கட்டையிலும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். மேலே மிதக்க ஒரு கைப்பிடி சால்வினியா. தரையில் கம்பளமாகப் படரும் செடிகளின் படங்கள் மயக்கும்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல வெளிச்சமும் கரியமில வாயுவும் வேண்டும். இப்போதைக்கு வேண்டாம்.

செடியைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற நாரை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஓடும் தண்ணீரில் அலசி, இலையடியில் ஜெல்லி போல ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகளை விரலால் வழித்துவிடுங்கள். வேர் நீளமாக இருந்தால் 3 செ.மீ. அளவுக்கு வெட்டலாம், நடவும் சுலபம். மணலுக்கு மேல் ஒரு விரல் தண்ணீர் நிற்கும்படி விட்டு, நீண்ட இடுக்கியால் நடுங்கள். தண்டுச் செடிகளை ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, அடி இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, 3 செ.மீ. ஆழத்தில், இரண்டு விரல் இடைவெளியில். கொத்தாக நட்டால் நடுத்தண்டுகளின் அடி அழுகும். வாலிஸ்நேரியாவில் இலையும் வேரும் சேரும் வெள்ளைப் பகுதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும்.

அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மணலில் புதைக்கவே கூடாது. இஞ்சி போலக் கிடையாக ஓடும் அவற்றின் தடித்த தண்டு மூடப்பட்டால் அழுகி, செடியே போய்விடும். நூலால் கல்லில் கட்டுங்கள், அல்லது சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ வகை) ஜெல் பசையில் இரண்டு சொட்டு வைத்து ஒட்டுங்கள். நடும் வேலை நீண்டால் இலைகள் காயாதபடி அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள்.

பிறகு மணல் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் மெல்லத் தண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் பெருமளவு போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படிப் போகாது, அதற்கு வாட்டர் கண்டிஷனர் வேண்டும். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் தாது ஏறக்குறைய இல்லாததால் பிஎச் நிலையாக நிற்காது, செடிக்குக் கால்சியமும் மக்னீசியமும் கிடைக்காது. குழாய்த் தண்ணீர் மிகக் கடினம் என்றால் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

மீனில்லாத ஆறு வாரம்

மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது செடிக்கு உணவு. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். பிஎச் 6-க்குக் கீழே போனால் இன்னும் மந்தமாகும். பிஎச் ஏறினாலோ வேறு ஆபத்து: 25 டிகிரியில் பிஎச் 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8-இல் அது ஐந்து பங்குக்கு மேல்.

மணல் தொட்டியில் பாக்டீரியாவுக்கு உணவு நாம்தான் கொடுக்க வேண்டும். 3 கிராம் அம்மோனியம் குளோரைடை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மி.லி. விட்டால் 50 லிட்டருக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா கிடைக்கும். சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டியால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அம்மோனியா பூச்சியத்துக்கு வந்த பிறகே மறுபடி விடுங்கள். விட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் என்று வந்தால் தொட்டி தயார். மீன் விடும் முன் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். ஆக்வா சாயில் போட்டவர்களுக்கு இந்தக் கரைசல் பொதுவாகத் தேவைப்படாது.

இந்த வாரங்களில் பயமுறுத்தும் காட்சிகள் சில வரும். கிரிப்டோகோரைன் இலைகள் கண்ணாடி போலக் கரைந்து போகும். பிடுங்காதீர்கள், வேர் உயிரோடு இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் புது இலை விடும். மற்றச் செடிகளின் பழைய இலைகளும் வாடலாம். நர்சரிகளில் பெரும்பாலும் வேரை நீரிலும் இலையைக் காற்றிலும் வைத்து வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை நீருக்கடியில் நிலைக்காது. அழுகும் இலைகளை மட்டும் வெட்டி எடுங்கள். இரண்டாவது வாரம் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூள் படியும். அது டயட்டம் என்னும் நுண்பாசி, விரலால் துடைத்தாலே போகும், தொட்டி பழகப் பழகத் தானே மறையும். முதல் வாரம் தண்ணீர் பால் போலக் கலங்கினால் அது பாக்டீரியாப் பெருக்கம். விட்டுவிடுங்கள், சில நாளில் தெளியும்.

தண்ணீர் பச்சையாக மாறினால் கதை வேறு. தொட்டியைத் துணியால் முழுக்க மூடி, விளக்கில்லாமல் மூன்று நாள் வைத்துப் பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நூல் போன்ற பாசி என்றால் பல் துலக்கும் பிரஷில் சுற்றி எடுத்து, விளக்கு நேரத்தில் ஒரு மணி நேரம் குறையுங்கள். நீலப்பச்சையாக, ஏடு போல உரிந்து வரும், கெட்ட வாடை அடிக்கும் படலம் உண்மையில் பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. நைட்ரேட் வற்றிய, நீரோட்டம் குறைந்த தொட்டியில் அது எளிதில் பிடிக்கும். சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு உரத்தையும் ஓட்டத்தையும் சரி செய்யுங்கள்.

உரம் எல்லாச் சத்தும் கலந்த திரவ வகை நல்லது. முதல் மாதம் புட்டியில் சொன்ன அளவில் பாதி போடுங்கள், நைட்ரேட் 10 முதல் 20 பிபிஎம்மில் நிற்கட்டும். பழைய இலை மஞ்சளித்தால் நைட்ரஜன் குறைவு, பழைய இலையில் குண்டூசித் துளைகள் விழுந்தால் பொட்டாசியம் குறைவு, புதுத் தளிர் வெளுத்தால் இரும்பு குறைவு.

மீனும் வாராந்திர வேலையும்

முதலில் ஐந்தாறு சிறு மீன்கள் மட்டும். தண்ணீர் மென்மையாக இருந்தால் டெட்ரா, ரஸ்போரா. கடினமாக இருந்தால் கப்பி, பிளாட்டி. இரண்டு வாரம் அம்மோனியா பூச்சியத்திலேயே நின்றால் அடுத்த ஆறு. தங்க மீன் செடியைத் தின்றும் பிடுங்கியும் தீர்த்துவிடும், கண்ணாடியில் ஒட்டும் பிளீக்கோ வகைகளில் பல 40 செ.மீ. வரை வளரும், இரண்டும் இந்தத் தொட்டிக்கு ஆகாது. பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி.

வாரம் ஒருமுறை 15 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள், சூடு இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபடாமல். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா போய்விடும். செடி நன்றாகப் பிடித்த பின் விளக்கை வாரம் அரை மணி நேரமாக ஏற்றி 8 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்டுச் செடி நீர்மட்டத்தைத் தொட்டதும் பாதியில் வெட்டி, வெட்டிய நுனியை மறுபடி நடுங்கள். மிதக்கும் செடி மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள், கீழே இருட்டாகிவிடும். அள்ளிய செடியைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஆற்றிலோ கொட்டவே கூடாது. சால்வினியா ஒரு நீர்நிலையையே மூடி அங்குள்ள மீனையும் செடியையும் அழிக்கும். வெயிலில் சருகாகும்வரை காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.