ஹெட்செட்டில் 96, கோழித்தோலில் கிழிசல்: வி.ஆர். அறுவைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையின் பயிற்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மாதம் ஒரு பயிற்சி மருத்துவர், இந்நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள். பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். “அக்கா, தையல்ல 96!” முகமெல்லாம் சிரிப்பு. சரி, இங்கே வா என்று மேசைக்குக் கூட்டிப்போனேன். தட்டில் தோலோடு ஒரு கோழித்தொடை, பக்கத்தில் நீடில் ஹோல்டர் (ஊசியைப் பிடிக்கும் இடுக்கி), நூல். முதல் முடிச்சைப் போட்டு இழுத்தாள். நூல் தோலை அறுத்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பயந்துபோய் இழுக்காமலே விட்டாள். வெட்டின் இரண்டு விளிம்பும் சேரவே இல்லை.

அது அவள் குற்றம் இல்லை. கையில் இருந்த கண்ட்ரோலருக்கு நூலின் இழுவை தெரியாது. ஊசி பட்டால் ஒரு சின்ன அதிர்வு வரும், அவ்வளவுதான். ஊசி எந்தக் கோணத்தில் நுழைய வேண்டும், எதற்கு அப்புறம் எது, எந்தக் கருவியை எப்போது கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஹெட்செட் நன்றாகவே சொல்லித்தரும். எவ்வளவு இழுத்தால் போதும் என்பதைத் தோல்தான் சொல்லித்தரும். இது வேறு, அது வேறு என்று பிரித்துப் பார்க்காமல் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. விலை உயர்ந்த கருவிகளில் கைக்கு எதிர்விசை கொடுக்கும் வசதி உண்டு. பெரும்பாலான கூடங்களில் இருப்பது அது இல்லை.

நெஞ்சுக்குழாய் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கடைசியில் சம்பளம் கைக்கு வந்த வார இறுதிகளில், இங்கே அவசரப் பிரிவுக்குக் கத்திக்குத்தோடு வருபவர்கள் ஏராளம். நெஞ்சில் காற்றோ ரத்தமோ சேர்ந்திருந்தால் குழாய் போடுவது பெரும்பாலும் ஓர் இளம் மருத்துவர்தான். விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால், அடுத்த எலும்பின் மேல் விளிம்பை உரசியபடி கிளாம்பைத் தள்ள வேண்டும். சவ்வைத் தாண்டும்போது ‘டக்’ என்று ஒரு விடுபடல் கைக்குத் தெரியும். அப்புறம் விரலை உள்ளே விட்டுச் சுழற்றி, நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசநோய் வந்துபோனவர்கள் அதிகம் உள்ள மாகாணம் இது; ஒட்டியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது விரல்தான். ஹெட்செட்டில் அந்த ‘டக்’கும் இல்லை, அந்த விரலும் இல்லை. அதனால் நாங்கள் ஹெட்செட் பயிற்சி முடிந்த அதே மணி நேரத்தில் ஆட்டு விலா ஒன்றை மேசையில் வைக்கிறோம். (மாடும் பன்றியும் தொடமாட்டேன் என்பவர்கள் எங்கள் குழுவில் உண்டு. ஆடு என்றால் யாருக்கும் சங்கடம் இல்லை.)

இதைப் படித்துவிட்டு வி.ஆர். வீண் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி அறுவை மருத்துவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் வழக்கமான பயிற்சியோடு கணினித்திரை மெய்நிகர் பயிற்சியும் கொடுத்தார்கள். பிறகு உண்மையான லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகச் செய்யும்) பித்தப்பை அறுவையில் இரு குழுவையும் ஒப்பிட்டார்கள். மெய்நிகர் பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். மற்றவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தவறான இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. இந்த எண்களை எல்லா விற்பனையாளர்களும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: அந்தக் குழு இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்துப் பயிலவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் அதே கருவியில் எடுத்த அளவை இலக்காக வைத்து, அதை எட்டும் வரை பயின்றார்கள்.

நம் கூடங்களில் நடப்பது என்ன? “ஒவ்வொருவரும் நான்கு மணி நேரம் முடித்தாயிற்று” என்று பதிவேட்டில் கையெழுத்து. நான்கு மணி நேரத்தில் ஒருவர் தேறியிருப்பார், இன்னொருவருக்குப் பத்து மணி நேரம் தேவைப்படும். கருவி வந்ததும் முதலில் உங்கள் துறையின் மூத்த மருத்துவர்களை உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் எடுப்பதுதான் இலக்கு. அவர்களே 60 எடுத்து, முதலாம் ஆண்டு மாணவர் 95 எடுத்தால், அந்தக் கருவி அறுவைத் திறனை அளக்கவில்லை, விளையாட்டுத் திறனை அளக்கிறது என்று அர்த்தம். எங்களிடம் ஒரு பாடம் அப்படித்தான் இருந்தது. அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் திணிப்பது. ஹெட்செட் வாடகைக்கு வருகிறது, ஆள் கிடைப்பது கஷ்டம், ஆகவே ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். டொராண்டோவில் 2006-ல் வெளியான ஆய்வில் 38 இளம் அறுவை மருத்துவர்கள் நுண்ரத்தக்குழாய்த் தையலை நான்கு அமர்வுகளில் கற்றார்கள். பாதிப் பேருக்கு நான்கும் ஒரே நாளில், மீதிப் பேருக்கு வாரம் ஒன்று. ஒரு மாதம் கழித்து மயக்கமளித்த எலியின் ரத்தக்குழாயில் தைக்கச் சொன்னபோது, வாரம் ஒன்றாகக் கற்றவர்கள்தான் மேல். அமர்வுகளின் எண்ணிக்கை ஒன்றுதான், இடைவெளிதான் வேறு. மாலை டியூட்டிக்கு முன் இருபது நிமிடம் என்று நாலைந்து வாரத்துக்குப் பிரித்துக் கொடுங்கள். ஏற்பாடு செய்வது தலைவலிதான், ஆனால் கைக்கு அதுதான் ஒட்டும்.

அடுத்தது, பயிற்சி முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். தவறு நடந்த இடத்தை யாராவது கூட உட்கார்ந்து பேசாவிட்டால், மாணவர் அதே தவறை வேகமாகச் செய்யத்தான் பழகுகிறார். இந்த நாட்டில் அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1967 டிசம்பர் 3-ல் கேப் டவுன் குரூட்ஷூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தது உலகுக்கே தெரியும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்த ஹாமில்டன் நாக்கி, பிறகு ஆய்வுக்கூடத்தில் விலங்குகள்மீது உறுப்புமாற்று நுட்பங்களை இளம் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. 2003-ல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. பயில்பவரின் கையைப் பார்த்துத் திருத்த அப்படி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பத்து நிமிடப் பயிற்சிக்குக் குறைந்தது பத்து நிமிடப் பேச்சு. “எந்த இடத்தில் தயங்கினாய், அப்போது என்ன நினைத்தாய்?” என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வரும்.

நிஜக் காட்சியின்மேலேயே படத்தைக் காட்டும் ஏ.ஆர். கண்ணாடிக்கு வேறொரு ஆபத்து. நோயாளியின் உடல்மேல் ஸ்கேன் படம் படிந்து தெரியும்போது கண் அந்தக் கோடுகளிலேயே நின்றுவிடுகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், சடலத்தின் மூக்குவழி எண்டோஸ்கோபி செய்த அறுவை மருத்துவர்களில் ஏ.ஆர். வழிகாட்டல் இருந்தவர்கள் இலக்கை இன்னும் துல்லியமாகத் தொட்டார்கள். ஆனால் எதிர்பாராத சிக்கலைக் கவனிக்கத் தவறியதும் அவர்களில்தான் அதிகம். ஆகவே பயிற்சியிலேயே அந்தப் படத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும் தருணங்களை வையுங்கள். நடுவில் சொல்லாமல் ஒரு சிறு மாற்றத்தை வைத்து, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

சில்லறைத் தவறுகளும் உண்டு, அவையும் ஆளைத் துரத்திவிடும். கருவிழிகளுக்கு இடையிலான தூரம் பெரியவர்களில் சராசரியாக 63 மில்லிமீட்டர் அளவு. லென்ஸை அதற்கேற்ப நகர்த்தாமல் மாட்டிவிட்டால் ஐந்தாவது நிமிடம் தலைவலி. முதல் முறை பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குமட்டினால் “சமாளி” என்று சொல்லாதீர்கள், உடனே கழற்றச் சொல்லுங்கள், உடனே கார் ஓட்ட விடாதீர்கள். லென்ஸை ஸ்பிரிட்டால் துடைத்தால் பூச்சு கெடும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும், முகம் படும் பகுதிக்குத்தான் கிருமிநாசினித் துணி. தேங்காயெண்ணெய்த் தலைக்குப் பயன்படுத்தி எறியும் தொப்பி வாங்கி வையுங்கள். ஒரு நாள் காலை எல்லா ஹெட்செட்டும் சார்ஜோடு இருக்க ஒன்று மட்டும் செத்துக் கிடந்தது. பார்த்தால் யாருடைய ஸ்டிக்கர் பொட்டோ லென்ஸ்களுக்கு நடுவே இருந்த உணரியின்மேல் ஒட்டியிருக்கிறது. தலையில்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது.

வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இணையம் இல்லாமல் ஓடுமா? 2022, 2023-ல் லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது, ஒவ்வொரு முறையும் சர்வரில் நுழைய வேண்டிய மென்பொருள் எங்களுக்கு வெறும் பெட்டியாகத்தான் கிடந்தது. தயாரிப்பாளர் கைவிட்டால் என்ன ஆகும்? ஹோலோலென்ஸ் 2 என்ற ஏ.ஆர். கண்ணாடியின் தயாரிப்பை மைக்ரோசாப்ட் 2024-ல் நிறுத்திவிட்டது. அதை மட்டும் நம்பிப் பாடம் எழுதியவர்கள் வேறு கருவி தேட வேண்டியதாயிற்று. நோயாளியின் ஸ்கேனைப் பாடத்துக்குப் பயன்படுத்தினால் பெயரை அழிப்பது மட்டும் போதாது. தலை ஸ்கேனிலிருந்து முகத்தையே வரைந்துவிடலாம். இங்கே தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் இருக்கிறது, அனுமதி எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாங்கள் வாங்கிய பிரசவப் பாடத்தில் நோயாளி அமெரிக்க ஆங்கிலத்தில் வலியை ஒன்று முதல் பத்து வரை எண்ணாகச் சொல்வாள். எங்கள் வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. படிப்பு முடித்தவர்கள் அரசு மருத்துவமனையில் கட்டாயமாகப் பணிபுரியும் சமூக சேவை ஆண்டில் கிராமப்புற மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் மருத்துவர், சிசேரியனும் முதுகுத்தண்டு மயக்கமும் செய்ய வேண்டியிருக்கும். அவர் முன்னால் இருப்பவர் சூலு மக்களின் மொழியான இசிசூலு பேசும் பெண். ரத்தப்போக்கு ஆரம்பித்தால் அவள் சொல்லும் ஒரு வார்த்தை புரியாமல் போனால்கூட நிமிடங்கள் நழுவும். மொழியும், மருந்தின் பெயரும், ஆம்புலன்ஸ் எண்ணும் வெளிநாட்டுக்காரருடையதாகவே இருக்கும் பாடத்தை அப்படியே நடத்துவது பெரிய தவறு.

நாங்கள் செய்தது எளிய வேலைதான். வார்டு செவிலியர் ஒருவரிடம் கெஞ்சிக் கேட்டு, அவர் குரலைப் பதிவு செய்து அந்த ஒலியின் இடத்தில் போட்டோம். தையலில் 96 எடுத்த அதே பெண்தான் முதலில் மாட்டிக்கொண்டாள். கட்டிலிலிருந்து “கூபுஹ்லுங்கு” என்று குரல் வந்ததும், வலிக்கிறது என்கிறாள் என்று புரிந்து, திரை மூலையில் ஓடும் மதிப்பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு நோயாளி பக்கம் குனிந்தாள். கட்டில் இருக்கும் இடத்தில் வெறும் காற்றுதான். அவள் கை அந்த வயிற்றைத் தேடிப்போனது.