எஃப்எம்ஜிஇ கோச்சிங்குக்கு நம்பர் கொடுக்கும் முன்பும், கொடுத்த பின்பும்

எஃப்எம்ஜிஇ என்பது வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்தவர்கள் இங்கே டாக்டராக வேலை செய்ய எழுதும் லைசென்ஸ் தேர்வு. அதன் ரிசல்ட் வந்த அன்று எனக்கு 141. பாஸ் ஆக 150 வேண்டும். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருந்தேன், அப்போது போன் அடித்தது. "டாக்டர், ஒன்பது மார்க்கில் போச்சே" என்றது ஒரு பெண் குரல், ஏதோ கூடப் படித்தவள் போல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால், அரை மணி நேரம் முன்பு ஒரு கோச்சிங் ஆப்பில் "உங்கள் மார்க்கைப் போடுங்கள், எந்தப் பாடத்தில் கோட்டை விட்டீர்கள் என்று இலவசமாகச் சொல்கிறோம்" என்ற படிவத்தை நிரப்பியிருந்தேன். மார்க், எத்தனையாவது அட்டெம்ப்ட், போன் நம்பர், பெற்றோர் நம்பர் எல்லாம் என் கையாலேயே கொடுத்திருந்தேன்.

மறுநாள் அப்பாவுக்கே போன் போயிருக்கிறது. "உங்க பொண்ணு இந்தத் தடவையும் சேரலைன்னா இன்னொரு வருஷம் வீணாப் போயிடும் சார், ஆஃபர் இன்னைக்கு ராத்திரியோட முடியுது." பிலிப்பைன்ஸ் படிப்புக்கு வாங்கிய கடனையே இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர், ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்: "என்னம்மா, கட்டிடலாமா?" அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு இங்கே லைசென்ஸ் தேர்வுக்கு உட்காரும் எல்லோருக்கும் இது நடக்கிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் விளம்பரத்தை எப்படிப் பார்ப்பது என்று. 2025 ஜூன் தேர்வை 36,034 பேர் எழுதி, 6,707 பேர் பாஸ் ஆனார்கள், அதாவது 18.61 சதவீதம். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஐந்தாறு நிறுவனங்களின் பக்கத்துக்குப் போய், அந்தத் தேர்வில் "எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் பாஸ்" என்று அவர்கள் போட்டிருக்கும் எண்களை எடுத்துக் கூட்டுங்கள். மொத்தத்தில் பாஸ் ஆனவர்களே 6,707 பேர்தான், அதில் கோச்சிங் போகாமல் படித்தவர்களும் உண்டு. ஒரே ஆள் ஓர் இடத்தில் கொஸ்டின் பேங்க் வாங்கியிருப்பார், இன்னோர் இடத்தில் இலவச கிராண்ட் டெஸ்ட் (முழு மாதிரித் தேர்வு) எழுதியிருப்பார், மூன்றாவது இடத்தில் யூட்யூப் வகுப்பு பார்த்திருப்பார், மூவருமே அவரைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். தேர்வை நடத்தும் என்பிஇஎம்எஸ் எந்த நாட்டில், எந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எத்தனை பேர் தேறினார்கள் என்று வெளியிட்டிருக்கிறது, ஆனால் எந்தக் கோச்சிங்கில் படித்தவர் என்ற கணக்கு அதனிடம் கிடையாது. ஆகவே எந்த நிறுவனம் தன் தேர்ச்சி சதவீதத்தைச் சொன்னாலும் அது அவர்கள் சொன்ன கணக்கு, அவ்வளவுதான். சேரச் சொல்லிக் கூப்பிடும் கோச்சிங் கவுன்சலரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழு கோர்ஸுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அதில் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், பாஸ் எத்தனை பேர்?" வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். எனக்கு இதுவரை ஒருவரும் பதில் அனுப்பவில்லை.

இதற்கெல்லாம் சட்டமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று கோச்சிங் விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. தேர்ச்சிக்கு உத்தரவாதம் தரக்கூடாது. பாஸ் ஆனவரின் படத்தையோ பெயரையோ போட அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், அதையும் ரிசல்ட் வந்த பிறகுதான் வாங்க வேண்டும், சேரும்போதே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் எந்த கோர்ஸில், எத்தனை காலம் படித்தார், பணம் கட்டினாரா என்பதைப் படத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் குற்றம். ஆப்பில் ரெக்கார்ட் செய்து வைத்த வீடியோவுக்கு "இன்னும் மூன்றே சீட்" என்று சொன்னால், வீடியோவுக்கு ஏது சீட் என்று அங்கேயே கேளுங்கள். விதிகள் வந்த சமயத்திலேயே 45 நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போயிருந்தது, 18 நிறுவனங்களுக்கு மொத்தம் 54.60 லட்சம் ரூபாய் அபராதம் போட்டிருந்தார்கள். சிவில் சர்வீஸ் கோச்சிங்குகள் சில மாட்டியதே, இலவச நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு மட்டும் வந்துபோனவரை முழு கோர்ஸ் மாணவர் போலக் காட்டியதற்காகத்தான்.

என் பேட்ச் தோழி ஒருத்திக்கும் இதே கதை. ஒரே ஒரு இலவச கிராண்ட் டெஸ்ட் எழுதியதோடு சரி, பாஸ் ஆன மறுநாள் அவள் வாட்ஸ்அப் டிபி அப்படியே போஸ்டரில். "எழுத்துப்பூர்வ சம்மதம் நான் தரவில்லை, 2024 விதிப்படி எடுத்துவிடுங்கள்" என்று இரண்டு வரி மெயில் போட்டாள். இரண்டு நாளில் அவர்கள் பக்கத்திலிருந்து போய்விட்டது. டெலிகிராம் குரூப்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்கள் படத்தை எங்காவது பார்த்தால் முதலில் தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், அப்புறம் மெயில்.

இன்னொன்று, "எங்கள் வகுப்பில் சொன்ன கேள்வி அப்படியே வந்தது" என்ற விளம்பரம். என்பிஇஎம்எஸ் கேள்வித்தாளை வெளியிடுவதில்லை. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வே எழுதுகிறோம். தேர்வு முடிந்த சாயங்காலமே "ஞாபகம் இருக்கும் கேள்விகளை அனுப்புங்கள், டிஸ்கவுண்ட் தருகிறோம்" என்று ஒரு படிவம் வரும். அதில் உங்கள் பெயரும் நம்பரும் இருக்கும். அவர்களுக்கு அது விளம்பரச் சரக்கு, மாட்டினால் ரிசல்ட் போவது உங்களுக்கு. தொடாதீர்கள்.

சரி, இப்போது நம்பர் விஷயம். இலவச டெஸ்ட் எழுதியே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் பழைய கீபேட் போன் இருந்தால் அதில் போட்டால் போதும், ஓடிபி வந்தால் சரி. பெற்றோர் நம்பர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடுங்கள், விடாமல் கேட்டால் உங்கள் இரண்டாவது நம்பரையே போடுங்கள். ஜிமெயிலில் ஒரு வசதி இருக்கிறது: உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு ப்ளஸ் குறி போட்டு, அதையடுத்து அந்த நிறுவனத்தின் பெயரைச் சேர்த்து, அப்புறம் அட் ஜிமெயில் என்று முடித்தால் அந்த மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கே வரும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இப்படி ஒவ்வொரு முகவரி கொடுங்கள். நாளைக்கு நீங்கள் கேள்விப்படாத வேறொரு கம்பெனியிலிருந்து அதே முகவரிக்கு மெயில் வந்தால், உங்கள் விவரம் எந்த இடத்திலிருந்து போனது என்று உங்களிடம் சாட்சி இருக்கும். நான் இப்படி ஐந்து இடத்தில் கொடுத்தேன், இரண்டு மாதத்தில் ஒன்று கசிந்தது தெரிந்துபோனது. சில படிவங்கள் ப்ளஸ் குறியை ஏற்காது, அங்கே புதிதாக ஒரு மெயில் திறந்துகொள்ளலாம்.

ஆப் போடும்போது கான்டாக்ட்ஸ், லொகேஷன், கால் விவரம் கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள், வீடியோ பார்க்க இது எதுவும் தேவையில்லை. பிரைவசி பாலிசி ஆங்கிலத்தில் முப்பது பக்கம் இருக்கும், யாரும் படிப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். முழுக்கப் படிக்க வேண்டாம், பார்ட்னர்ஸ், அஃபிலியேட்ஸ், டிஎன்டி ஆகிய மூன்று சொற்களை மட்டும் தேடுங்கள். டிஎன்டி என்பது விளம்பர அழைப்பு வேண்டாம் என்று நம் நம்பரைப் பதிந்து வைக்கும் வசதி. டிஎன்டியில் பதிந்திருந்தாலும் நாங்கள் அழைக்கச் சம்மதிக்கிறீர்கள் என்று ஒரு வரியைப் பல இடங்களில் நுழைத்து வைத்திருப்பார்கள். அந்த வரியைப் பார்த்தால் உங்கள் சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டுகிற கட்டத்துக்கு வந்துவிட்டால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கவுன்சலர் "மாசாமாசம் கட்டுங்க டாக்டர்" என்று சொல்வது பெரும்பாலும் தவணை கிடையாது, ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ வாங்குகிற கடன். கோர்ஸ் பிடிக்காமல் நிறுத்தினாலும் கடன் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் கொடுப்பவர் வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே தாளில் விவரம் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மனம் மாறினால் அபராதம் இல்லாமல் வெளியேற குறைந்தது ஒரு நாள் அவகாசமும் உண்டு, அசலும் அந்த நாட்களுக்கான வட்டியும் கட்ட வேண்டும், அந்தத் தாளில் முன்பே சொல்லியிருந்தால் மட்டும் பிராசஸிங் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரியே அந்தத் தாளை எடுத்து ஒரு தடவை படியுங்கள்.

ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, போன் விட்டபாடில்லை என்றால்? ஆப்பைத் தூக்கிவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதீர்கள், கணக்கு அப்படியே இருக்கும். கணக்கு திறக்க விடும் ஆப் எதுவானாலும் அதை அழிக்கவும் வழி தர வேண்டும் என்பது ப்ளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் விதி. செட்டிங்ஸில் தேடுங்கள், முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு அவர்கள் தளத்தில் குறைதீர் அதிகாரி என்று ஒருவர் பெயரும் மெயிலும் இருக்கும், அவருக்கு இப்படி எழுதுங்கள்:

"இன்ன தேதியில் உங்கள் இலவசத் தேர்வுக்காக நான் கொடுத்த என் எண், என் மின்னஞ்சல், என் தந்தையின் எண் ஆகியவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அளித்த சம்மதத்தை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். அவற்றை அழித்துவிட்டு, யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் புகார் செய்வேன்."

கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஒரு மாதம் என்பது 2011-ம் ஆண்டு ஐடி விதிகளில் குறைதீர் அதிகாரிக்கு வைத்திருக்கும் கெடு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி வரை அபராதம் உண்டு, ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வருகின்றன. அதனால் அந்தச் சட்டத்தை மட்டும் நம்பி உட்காராமல் இன்றைக்குப் பலன் தருவதைச் செய்வோம்.

அது 1909, டிஎன்டியில் பதியும் எண். உங்கள் சிம்மிலிருந்து கூப்பிட்டோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் ட்ராய் டிஎன்டி ஆப்பிலோ பதியுங்கள். எல்லா விளம்பரத்தையும் நிறுத்தலாம், கல்வி என்ற பிரிவை மட்டும் நிறுத்தவும் முடியும். சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பர அழைப்பு வந்தால் ஏழு நாளைக்குள் புகார் கொடுக்க வேண்டும், நம்பர், தேதி, என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி போதும். பத்து நாளில் ஐந்து பேர் ஒரே நம்பர் மீது புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று 2025-ல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே தனியாகப் போராடாதீர்கள். எங்கள் பேட்ச் குரூப்பில் ஒருத்திக்கு வந்த நம்பரைப் போட்டால் அதே நம்பர் ஏழு பேருக்கு வந்திருக்கும், ஏழு பேரும் அன்றைக்கே புகார் போடுவோம். வாட்ஸ்அப் விளம்பரத்துக்கு இது செல்லாது, அங்கே பிளாக் செய்யும்போதே ரிப்போர்ட்டும் கொடுத்துவிடுங்கள்.

விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி ஏமாந்திருந்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். ஸ்க்ரீன்ஷாட், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் தயாராக இருக்கட்டும். போனில் சொன்ன வாக்குறுதிக்கு ஆதாரம் இருக்காது, அதனால்தான் எழுதி வாங்கச் சொல்கிறேன். 2025 தொடக்கத்தில் இந்த உதவி எண் வழியாகக் கல்வித் துறையில் 600-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு 1.56 கோடி ரூபாய் திரும்பக் கிடைத்ததாக அரசு சொன்னது. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அப்பா, அம்மா போனிலும் இதே டிஎன்டியைப் போட்டுக் கொடுங்கள், அவர்களுக்குத் தானாகத் தெரியாது. யார் கூப்பிட்டாலும் "எழுதி அனுப்புங்க, பொண்ணுகிட்ட காட்டுறேன்" என்று சொல்லி வைத்துவிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்பா இப்போது அப்படித்தான் சொல்கிறார். இரண்டு பேர் அனுப்பினார்கள், விலை மட்டும் இருந்தது, ரீஃபண்ட் பற்றி ஒரு வரி இல்லை.