மலாயா முழுவதும் காலனி அல்ல: காப்பரசு வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய உலக வரைபடங்களில் பிரிட்டிஷ் பேரரசின் பகுதிகள் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பில் இருக்கும். அந்த நிறம் நம் மனதிலும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. "மலாயா பிரிட்டிஷ் காலனியாக இருந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். தமிழர்கள் பெருமளவில் போய் உழைத்த நாடு அது. நாமாவது அதைச் சரியாக எழுத வேண்டும்.

1930களில் தீபகற்ப மலாயாவை எடுத்துக்கொள்வோம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை நீரிணைக் குடியேற்றங்கள். 1867 முதல் லண்டனின் நேரடிக் காலனி. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1896 இல் ஒரு கூட்டமைப்பாக இணைக்கப்பட்ட மலாய் மாநிலங்கள். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு, ஜொகூர் ஐந்தும் அந்தக் கூட்டமைப்பில் சேராதவை. இந்த ஒன்பது மாநிலங்களும் காப்பரசுகள், அதாவது பிரிட்டனின் பாதுகாப்பின் கீழ் இருந்த தனி அரசுகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த ஆட்சியாளர் உண்டு. நிலம் பிரிட்டிஷ் முடியாட்சிக்குச் சொந்தமில்லை. வெளியுறவும் பாதுகாப்பும் பிரிட்டன் கையில். உள்நாட்டு நிர்வாகத்திலோ ஒரு பிரிட்டிஷ் அதிகாரி "ஆலோசனை" சொல்வார்.

குழப்பம் வருவதற்கு ஒரு காரணம், சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் இரண்டு பதவிகளை வகித்ததுதான். நீரிணைக் குடியேற்றங்களுக்கு அவர் கவர்னர், மலாய் மாநிலங்களுக்கு ஹை கமிஷனர். கையெழுத்து ஒன்றே என்பதால் ஆட்சியும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய ஆவணம் கையில் கிடைத்தால் சட்டத்தின் பெயரைப் பாருங்கள். காலனியில் இயற்றிய சட்டம் 'ஆர்டினன்ஸ்'. மலாய் மாநிலத்தில் இயற்றியது 'எனாக்ட்மென்ட்'. தீபகற்பத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு சொல்லே பாதி வேலையை முடித்துவிடும்.

சரி, காலனி இல்லை என்று தெரிந்துகொண்டவர்கள் அடுத்து விழும் குழி எதிர்ப்பக்கம் இருக்கிறது. "சுல்தான் ஆண்டார், வெள்ளைக்காரர் ஆலோசனை மட்டும் சொன்னார்" என்று ஒப்பந்தத்தில் உள்ளதை அப்படியே நம்பிவிடுவது. 1874 ஜனவரி 20 அன்று கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தைப் படித்தால், பேராக்கில் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் இருப்பார், மலாய் மதமும் வழக்கமும் தவிர்த்த எல்லா விஷயத்திலும் அவருடைய ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும் என்று இருக்கிறது. கேட்டபடி நடந்தே தீர வேண்டும் என்றால் அது ஆலோசனை இல்லை, உத்தரவு. முதல் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் அதை உத்தரவாகவே நடைமுறைப்படுத்தினார். வரி வசூலைத் தன் கைக்கு மாற்றினார், மலாய்த் தலைவர்களின் பழைய உரிமைகளில் கைவைத்தார். 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில், தன் ஆட்கள் புதிய அறிவிப்புகளை ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பேராக் ஆற்றங்கரைக் குளியலறையில் வைத்து ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். படை வந்தது. கொலைக்குப் பின்னால் இருந்த மலாய்த் தலைவர் மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். பேராக் சுல்தான் அப்துல்லா சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இந்த அப்துல்லாதான் பிரிட்டிஷாரின் உதவியை எழுதிக் கேட்டவர். சுல்தான் பதவிக்குப் போட்டி இருந்தது. லாருட் ஈயச் சுரங்கங்களில் சீனக் குழுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர் ஆண்ட்ரூ கிளார்க் தன்னைச் சுல்தானாக ஏற்றுக்கொண்டால் போதும் என்று அப்துல்லா நினைத்தார். ஆகவே "காப்பரசு எல்லாம் பீரங்கி முனையில் திணிக்கப்பட்டது" என்று எழுதுவதும் தவறு, "விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்" என்று எழுதுவதும் தவறு. தங்களுக்குள் இருந்த போட்டியில் ஒரு தரப்பு உதவி கேட்டது, கேட்ட உதவியைவிடப் பெரியது உள்ளே வந்தது என்பதுதான் பேராக்கில் நடந்தது. ஆப்பிரிக்காவில் வேறு கணக்கும் உண்டு. 1895 இல் இன்றைய போட்ஸ்வானாவின் மூன்று தலைவர்கள், காமா, செபெலே, பத்தோயென், லண்டனுக்கே போய் வாதாடினார்கள். சுரங்க அதிபர் செசில் ரோட்ஸின் கம்பெனியிடம் தங்கள் மண்ணை ஒப்படைக்க வேண்டாம், காப்பரசாகவே வைத்திருங்கள் என்று கேட்டார்கள். இரண்டு ஆபத்துகளில் சிறியதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடங்கி நடப்பது, கப்பம் கட்டுவது எல்லாம் ஐரோப்பியர் கொண்டுவந்தது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். கெடா மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து)ப் பொன் மரமும் வெள்ளி மரமும் செய்து அனுப்பிவந்தது. சயாமிடமிருந்து காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கெடா சுல்தான் 1786 இல் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது. 1821 இல் சயாம் கெடாவுக்குள் புகுந்தபோது அது காப்பாற்ற வரவில்லை. 1909 இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மீதான உரிமையை சயாம் பிரிட்டனுக்கு மாற்றிக்கொடுத்தது. இந்தப் பின்னணி இல்லாமல் "1909 இல் சுதந்திரத்தை இழந்தன" என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

சுல்தானின் இறையாண்மை வெறும் காகிதம்தானே என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அந்தக் காகிதத்துக்கு நீதிமன்றத்தில் முழு மதிப்பு இருந்தது. ஜொகூர் சுல்தான் அபு பக்கர் இங்கிலாந்தில் ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் தங்கியிருந்தபோது, திருமணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றினார் என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். அபு பக்கர் தனி நாட்டின் இறையாண்மை பெற்ற ஆட்சியாளர் என்று காலனி அமைச்சகம் எழுதிக்கொடுத்தது. அப்படிப்பட்ட ஆட்சியாளரை இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பதால் 1894 இல் வழக்குத் தள்ளுபடியானது. 1924 இல் கிளந்தான் அரசுக்கு எதிராக ஒரு பிரிட்டிஷ் கம்பெனி போட்ட வழக்கிலும், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதே முடிவுக்குத்தான் வந்தது. கிளந்தான் நிர்வாகமோ அப்போது பிரிட்டிஷ் ஆலோசகர் கையில் இருந்தது.

1945 கடைசியில் லண்டன் அனுப்பிய தூதர் சர் ஹரோல்ட் மெக்மைக்கேல் ஒவ்வொரு ஆட்சியாளரிடமும் போய்க் கையெழுத்து வாங்கியதும் இதனால்தான். மலாய் மாநிலங்கள் காலனியாக இருந்திருந்தால் லண்டன் ஒரு சட்டம் போட்டே, மலாய் மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் ஒரே ஆட்சியில் இணைக்கும் மலாயன் யூனியனை உருவாக்கியிருக்கலாம். அந்த மண் தன்னுடையதில்லை என்பது லண்டனுக்குத் தெரியும். 1946 ஏப்ரலில் யூனியன் பிறந்தது, மலாய்க்காரர்களின் எதிர்ப்பு கொந்தளித்தது, 1948 இல் அதைக் கைவிட்டு மலாயா கூட்டரசை அமைத்தார்கள். என் பார்வையில், மலாயா வரலாற்றில் காப்பரசு என்ற ஏற்பாட்டின் உள்ளே இருந்த பலமும் பலவீனமும் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் வேறில்லை.

காப்பரசு மெல்ல மெல்ல விடுதலை நோக்கித்தான் நகரும் என்பதும் பொய்யான எதிர்பார்ப்பு. போர்னியோ தீவிலுள்ள சரவாக், வட போர்னியோ, புருணை மூன்றும் 1888 இல் காப்பரசுகள் ஆயின. முதல் இரண்டும் உலகப் போருக்குப் பிறகு, 1946 இல், காலனிகளாக மாற்றப்பட்டன. சரவாக்கில் அதற்கு எழுந்த எதிர்ப்பின் உச்சத்தில், 1949 டிசம்பரில் சிபுவில் கவர்னர் டங்கன் ஸ்டூவர்ட் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். புருணை காலனி ஆகவே இல்லை; 1984 இல் நேராக விடுதலை பெற்றது. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே ஆண்டு எழுதினால் மூன்றுமே தப்பாகும். எகிப்தும் இப்படித்தான். பிரிட்டிஷ் படை நுழைந்தது 1882, காப்பரசு என அறிவித்தது 1914. இடைப்பட்ட காலத்தில் அது சட்டப்படி ஒட்டோமான் பேரரசின் பகுதி.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். குடும்பத்தில் மலாயாப் பத்திரங்கள் வைத்திருப்பவர்கள் அதிகம் தடுமாறுவது பிரஜை விவகாரத்தில். பினாங்கில் பிறந்தவர் பிறந்த மண்ணாலேயே பிரிட்டிஷ் பிரஜை. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவருக்கு மண் மட்டும் அந்த உரிமையைத் தராது. ஊரிலிருந்து போனவர்களிலும் இந்த வேறுபாடு இருந்தது. காரைக்குடிக்காரர் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர், எனவே பிரஜை. பக்கத்திலேயே இருக்கும் இராயவரத்துக்காரர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர், எனவே பிரிட்டிஷ் பாதுகாப்பு பெற்றவர் மட்டுமே. இதை வைத்து சமஸ்தானங்களையும் மலாய் மாநிலங்களையும் ஒன்று என்று சொல்லிவிட வேண்டாம். புதுக்கோட்டை மன்னர் இந்தியப் பேரரசின் மேலாதிக்கத்துக்குள் இருந்தவர்; பேராக் சுல்தானோடு பிரிட்டன் தனி ஒப்பந்தம் செய்திருந்தது.

1948 இல் கூட்டரசுக் குடியுரிமை வந்தபோது இந்த வேறுபாடு வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து, கூட்டரசில் நிலையாக வாழ்ந்துவந்த பிரிட்டிஷ் பிரஜைக்குக் குடியுரிமை தானாகக் கிடைத்தது. மலாய் மாநிலத் தோட்டத்தில் பிறந்த தமிழர் பிரிட்டிஷ் பிரஜையாகவே இருந்தாலும், அவருடைய அப்பா அந்த நாட்டில் பிறந்தவரா, இல்லையென்றால் தொடர்ந்து 15 ஆண்டு அங்கே வாழ்ந்தாரா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அதனால் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தைப் பார்க்கும்போது "மலாயா" என்பதோடு நிறுத்தாமல் மாநிலத்தின் பெயரையும் ஆண்டையும் படியுங்கள். ஊர் பங்கோர் தீவாகவோ அதற்கு எதிர்க்கரையாகவோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டின்டிங்ஸ் என்ற அந்தப் பகுதி 1935 இல் பேராக்குக்குத் திருப்பித் தரப்படும்வரை காலனியின் பகுதியாக இருந்தது.