எஸ்ஏடி மதிப்பெண்ணை ரத்து செய்யலாமா? வியாழக்கிழமைக்குள் முடிவெடுப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு நடக்கும் சனிக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் என் போன் ஓயாது. டாலஸ் பக்கம் நம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். "அங்கிள், சொதப்பிட்டேன். கேன்சல் பண்ணிடவா?" என்பார்கள். பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்கும்: "சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லு." அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேர்வு மையத்திலேயே படிவம் வாங்கி, கையெழுத்துப் போட்டு, அங்கேயே ரத்து செய்துவிட்டு வரலாம். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அடுத்து வரும் வியாழக்கிழமை இரவு 11:59 வரை, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அவகாசம் தருகிறது. அது கிழக்கு நேரம். டாலஸில் 10:59, கலிபோர்னியாவில் 8:59. தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு, விட்ட கேள்விகள் மட்டும்தான் மனசில் நிற்கும். சரியாகப் போட்டவை ஒன்றுகூட ஞாபகத்துக்கு வராது. சாப்பிட்டு, தூங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுங்கள்.

ரத்து என்றால் என்ன என்பதைப் பிள்ளை தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மதிப்பெண் எவ்வளவு என்று தெரியாமலேயே அதை அழிக்கிறோம். பிறகு மனம் மாறினாலும் திரும்பக் கிடைக்காது. கட்டிய பணமும் வராது. கணக்கை மட்டும் ரத்து செய்துவிட்டு ஆங்கிலத்தை வைத்துக்கொள்வதற்கும் வழி இல்லை. போனால் இரண்டும் சேர்ந்தேதான் போகும்.

அடுத்து ஒரு தாளை எடுத்து, என்ன தவறு நடந்தது என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். கேள்வியை அப்படியே எழுதக் கூடாது. அதை வெளியே பகிர்வது விதிமீறல். எந்த மாதிரித் தவறு, எத்தனை கேள்வியில், அது போதும். என்னிடம் படித்த ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். எல்லாமே போச்சு என்றாள். எழுதச் சொன்னதும் தாளில் வந்தது இரண்டே வரி: ஒரு கேள்வியில் கேட்டது எக்ஸின் இரண்டு மடங்கு, அவள் தட்டியது எக்ஸ்; கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரம் போதாமல் குத்துமதிப்பாகப் பதில்.

ஆங்கிலத்துக்கு இரண்டு, கணக்குக்கு இரண்டு என்று தேர்வு நாலு மாட்யூல்களாக, அதாவது பகுதிகளாக, நடக்கும். மொத்தம் 98 கேள்விகள். அவற்றில் 8, மாட்யூலுக்கு 2 வீதம், மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள். எவை என்று யாருக்கும் தெரியாது. தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பதை 2016-லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் குத்துமதிப்பாகப் போட்டதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அவள் ரத்து செய்யவில்லை. கணக்கில் அவள் நினைத்த அளவு வரவில்லைதான். ஆனால் அவளுடைய ஆங்கில மதிப்பெண்களிலேயே உயர்ந்தது அந்தச் சனிக்கிழமை எழுதியதுதான். விண்ணப்பத்தில் அதைத்தான் பயன்படுத்தினாள்.

"ரெண்டாவது மாட்யூல் ஈஸியா இருந்துச்சு, அப்படின்னா முதல் மாட்யூல்ல கோட்டை விட்டுட்டேன்னுதானே அர்த்தம்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் மாட்யூலைப் பொறுத்துத்தான் இரண்டாவது அமைகிறது என்பது உண்மை. ஆனால் எளிதாகத் தோன்றியது நன்றாகப் படித்ததாலும் இருக்கலாம். அந்த உணர்வை மட்டும் நம்பி ரத்து செய்யாதீர்கள்.

சரி, மதிப்பெண் நிஜமாகவே குறைவாக வந்தால்? நீங்கள் அனுப்பினால்தான் கல்லூரிக்குத் தெரியும். எந்தத் தேதி மதிப்பெண்ணை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க ஸ்கோர் சாய்ஸ் இருக்கிறது. சில கல்லூரிகள் எல்லாவற்றையும் கேட்கும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் பல வருடங்களாக அப்படிக் கேட்டு வந்த இடம். அங்கேயும் பிரிவுவாரியாக உயர்ந்ததைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எம்ஐடியும் அப்படித்தான் பார்க்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகளின் சேர்க்கைப் பக்கங்களை ஞாயிறு மாலை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

பெற்றோர் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பதிவு செய்யும்போதே நாலு கல்லூரிகளுக்கு இலவசமாக மதிப்பெண் அனுப்பச் சொல்லியிருப்பீர்கள். அது தானாகப் போய்விடும். அந்தக் கவலைக்காகத் தேர்வையே ரத்து செய்ய வேண்டியதில்லை. தேர்வு முடிந்து 9 நாள் வரை அந்தப் பட்டியலை மாற்றலாம். உள்ளே போய் எடுத்துவிடுங்கள், போதும்.

அப்படியென்றால் எப்போதுதான் ரத்து செய்வது? நடுவில் வாந்தி, காய்ச்சல் என்று எழுந்து வந்துவிட்டாலோ, ஒரு மாட்யூலே தொடாமல் போய்விட்டாலோ, அதோடு விரும்பும் கல்லூரி எல்லா மதிப்பெண்ணையும் கேட்டால் யோசிக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது என் கருத்து. லேப்டாப் நின்றுபோனது, அறையில் ஒரே சத்தம் என்பதெல்லாம் வேறு விவகாரம். அதைத் தேர்வு மேற்பார்வையாளரிடமும் காலேஜ் போர்டிடமும் புகாராகப் பதிய வேண்டும். ரத்துப் படிவம் அதற்கானது இல்லை. பள்ளியிலேயே வேலை நாளில் எழுதும் எஸ்ஏடி என்றால், மதிப்பெண்ணைப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றுவார்களா என்று கவுன்சிலரிடம் முதலில் கேளுங்கள்.

ரத்துதான் என்று முடிவானால் கடைசி நாள் வரை இழுக்காமல், பிள்ளையே கையெழுத்திட்டு, அந்த வாரத்துக்கு காலேஜ் போர்டு பக்கத்தில் சொல்லியிருக்கும் வழியில் படிவத்தை அனுப்ப வேண்டும். ரத்து செய்தாலும் செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வுக்குப் பதிய எது கடைசித் தேதி என்று அன்றே பார்த்துவிடுங்கள். பக்கத்துப் பள்ளிகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.